ஆயுத பூஜைக்கு வைத்த கிராபிக்ஸ் கார்டு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் கொஞ்சம் ஓவர்தான். ஸ்கூட்டருக்கு மாலை, மிக்சிக்குப் பொட்டு, இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டு, கணவரின் கால்குலேட்டருக்குக்கூடப் பொட்டு. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் மேற்குத் தாம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே, கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து தருகிறவள். நான் வரைந்த வீட்டுக்குள் மவுஸைப் பிடித்துக்கொண்டு நடந்து போகலாம். கதவைத் திறக்கலாம், மாடி ஏறலாம், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம். இந்த வித்தையெல்லாம் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் புண்ணியம். அது இல்லாவிட்டால் என் கம்ப்யூட்டரில் திரையே எழாது. அதனால் போன வருஷம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வெறும் மானிட்டருக்குப் பொட்டு வைத்து என்ன பிரயோஜனம்? கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து கார்டையே கழற்றித் தூசி தட்டிச் சாமி முன்னால் வைத்துவிட்டேன்.

"இதுக்கும் பொட்டு வைக்கணுமா?" என்று கணவர் கேட்டார்.

"இதுக்குத்தான் முதல்ல வைக்கணும்" என்றேன்.

அவர் கணக்கு வாத்தியார் அல்லவா, இடைவெளி பிசகாமல் மூன்று பொட்டு வைத்தார். அன்றைக்கு ஆயுதங்களைத் தொடக்கூடாது என்பதால் கேபினெட் திறந்தது திறந்தபடி மேஜையில் கிடந்தது. நானும் பொரியைக் கொறித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மனசெல்லாம் சனிக்கிழமை காட்டப்போகும் வீட்டின் மேலேயே இருந்தது.

அந்த வீடு, அனகாபுத்தூரில் எனக்கு ரவிக்கை தைக்கும் அக்காவுடையது. நாங்கள் பம்மலில் குடியிருந்த நாளிலிருந்து பழக்கம். தாம்பரத்துக்கு வந்த பிறகும் துணியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடுகிறேன். டாக்டரை மாற்றச் சொல்லுங்கள், மாற்றுகிறேன். அளவு தெரிந்த தையல்காரரை மாற்ற என்னால் ஆகாது. அக்காவின் வீடு ஆற்றை ஒட்டிய சந்தில் இருக்கிறது. பெருமழை பெய்து ஆறு பொங்கினால் தண்ணீர் முதலில் நலம் விசாரிக்க வருவது அவரைத்தான். தையல் மிஷினைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு எதிர்வீட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்திருப்பார்.

வீடு அவருக்கும் அவர் தம்பிக்கும் பொது. தம்பி வெளியூரில் வேலை பார்க்கிறார். ஒவ்வொரு மழைக்காலமும் டிவியைப் பார்த்துப் பயந்து பயந்து அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விற்றுவிடலாம், நீ என்னோடு வந்துவிடு என்கிறார். அக்காவுக்கோ அந்தச் சந்தைவிட்டு வேறெங்கும் போக மனசில்லை. தைக்கக் கொடுக்கிறவர்கள், சண்டை போடுகிறவர்கள், சமாதானமாகிறவர்கள் எல்லோரும் அங்கேதான். பழைய வீட்டை இடித்துவிட்டுத் தூண் நிறுத்தி, கீழே வண்டி நிறுத்த இடம் விட்டு, மேலே வீடு கட்டலாமே என்று நான்தான் சொன்னேன். பிளான் போட்டு தம்பியின் போனுக்கு அனுப்பினேன்.

"கோடு கோடா இருக்கு மேடம். எனக்கு ஒண்ணும் புரியல" என்றார்.

சரி, கோடு வேண்டாம், நடந்தே பாருங்கள் என்று முழு வீட்டையும் வரைந்தேன். பூஜை லீவுக்கு ஊருக்கு வந்திருந்த தம்பி, சனிக்கிழமை நாலு மணிக்கு அக்காவோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. ஞாயிறு காலை, வீட்டை வாங்க நினைப்பவரை வரச்சொல்லியிருந்தார். அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மதியம் ரயில் ஏறப்போகிறார். அக்காவுக்கு அந்த வீடு உண்டா இல்லையா என்பது சனிக்கிழமை நாலு மணிக்கு என் மானிட்டரில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை விஜயதசமி. குளித்து, நல்ல நேரம் பார்த்து, கார்டை அதன் ஸ்லாட்டில் அழுத்திப் பொருத்தி, ஒயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. கார்டின் இரண்டு மின்விசிறிகளும் ஜோராகச் சுற்றின. மானிட்டர் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று சொல்லிவிட்டுக் கறுத்துப்போனது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே பதில்.  கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கணவர் வைத்த மூன்றாவது பொட்டிலிருந்து சந்தனம் வழிந்து, தங்க நிறத்தில் இருக்கும் அந்தப் பல் வரிசை வரைக்கும் வந்து காய்ந்திருந்தது. ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும் பல் அதுதான்.

"பொட்டு வைக்க உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்று கத்தினேன்.

"நீதானே வைக்கச் சொன்ன?"

"முதுகுல வைக்கச் சொன்னேன். பல்லுலயா வைக்கச் சொன்னேன்?"

அவர் போய்ப் பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்பிரிட் பாட்டிலும் கொண்டுவந்து வைத்தார். அந்த நல்ல குணத்துக்கும் சேர்த்து இரண்டு வார்த்தை திட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் நியாயம் பார்க்கிற வழக்கமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திட்டிக்கொண்டே கார்டைப் பிரித்தேனே, எவ்வளவு குஷியாக இருந்தது தெரியுமா! சின்ன வயசில் கடிகாரத்தைப் பிரித்து அடி வாங்கிய கை இது. ஸ்பிரிட்டில் தேய்த்துச் சந்தனத்தை எடுத்தேன். பென்சில் ரப்பரால் பல் வரிசையைப் பளபளவென்று துடைத்தேன். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காயவைத்தேன். போட்டேன். கறுப்பு. மானிட்டர் கேபிளை மாற்றினேன். கறுப்பு. மானிட்டரில் கோளாறோ என்று கணவரின் பள்ளி லேப்டாப்பை அதில் சொருகினேன். அதில் பத்தாம் வகுப்பு வினாத்தாள் தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் மானிட்டர் குற்றமற்றது. அந்த லேப்டாப்பிலேயே அக்காவின் வீட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டு தூண் எழும்பியதும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். எட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, மின்விசிறியோடு இருந்த பெரிய உலோகப் பாளத்தைத் தூக்கினேன். அடியில் சிப், அதன் மேல் காய்ந்துபோன சாம்பல் நிறப் பசை. சூடு இறங்குவதற்காகப் பூசுவது அது. சுரண்டித் துடைத்துப் புதுப் பசை தடவி மூடினேன். இந்தத் தடவை எழுந்துவிடும் என்று அவ்வளவு நம்பினேன். எழவில்லை. மேஜையில் எங்கிருந்தோ எறும்பு வேறு வந்து ஊர்ந்துகொண்டிருந்தது. "நீங்க வேறயா?" என்று துணியால் தட்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்தார்.

"யம்மா, நாளிக்கு நாலு மணிக்கு வந்துர்றோம். தம்பி சரின்னுட்டான். நீ நல்லா காட்டும்மா. அவன் மன்சு மாறும்னு எனுக்கு தோணுது."

கார்டு போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "வாங்கக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, அடுப்படியில் போய் நின்று அழுதேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, தோசை வார்க்கட்டுமா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை கார்டைக் குழந்தை மாதிரித் துண்டில் சுற்றிக்கொண்டு, தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் சர்வீஸ் கடைக்கு ஸ்கூட்டரை விட்டேன். எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வர பன்னிரண்டு மணியாகிவிட்டது. கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், ஸ்க்ரூ ஓட்டைல குங்குமம்லாம் கீது?"

"ஆயுத பூஜைங்க" என்றேன்.

"கார்டுக்கேவா?" என்று சிரித்தவர், வேறொருவர் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து என் கார்டை அதில் சொருகி ஸ்விட்சைப் போட்டார். நான் சாமி படத்தைப் பார்ப்பதுபோல் அந்த அழுக்கு மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மினுக். அப்புறம் திரை முழுக்க நீலம்! கடையில் நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல் கைதட்டிவிட்டேன்.

"கார்டு சூப்பரா கீது மேடம். உங்க வூட்லதான் எதுவோ பேஜார் பண்ணுது. மதர்போர்டு போயிருந்தா இன்னிக்கு ஒண்ணும் ஆவாது."

அந்தக் கம்ப்யூட்டரையே ஒரு நாள் இரவல் தரமுடியுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அதன் சொந்தக்காரர் மதியம் எடுக்க வருகிறாராம். ஜி.எஸ்.டி. ரோடு சிக்னலில் நிற்கும்போது மனசுக்குள் ஒரே கணக்கு. கார்டு நல்லது. மானிட்டர் நல்லது. கேபிள் நல்லது. இரண்டு நாளாக நான் கார்டையே போட்டுப் பிராண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அது உட்காருகிற இடத்தை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. மேஜையில் மறுபடியும் எறும்பு. இப்போது சாரை. ஜன்னலிலிருந்து இறங்கி, சுவரோரமாக வந்து, மேஜையைக் குறுக்கே கடந்து, கேபினெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. தட்டிவிடத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றேன். கம்ப்யூட்டருக்குள் எறும்புக்கு என்ன வேலை? மின்சார ஒயரைப் பிடுங்கிவிட்டு, போன் டார்ச்சைப் போட்டு அதன் பின்னாலேயே போனேன். மதர்போர்டின் ஓரமாக ஏறி, திரும்பி, நேராகக் கார்டின் ஸ்லாட்டுக்குள் இறங்கியது. ஸ்லாட்டின் கோடியில் வெள்ளையாக ஏதோ நசுங்கிக் கிடந்தது.

பொரி. நாட்டுச்சர்க்கரை ஒட்டிய ஒரு பொரி. பக்கத்தில் ஒரு பொட்டுக்கடலைத் துணுக்கு.

"ஏங்க! இங்க வாங்க! சீக்கிரம்!" என்று நான் போட்ட சத்தத்தில் கணவர் விடைத்தாளும் கையுமாக ஓடிவந்தார். டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். ஆயுத பூஜை சாயங்காலம் அந்த மேஜையில் பொரித் தட்டோடு உட்கார்ந்திருந்தது யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பொட்டு வச்சது நான். ஒத்துக்கறேன்" என்றார். "பொரி போட்டது யாரு?"

"எறும்பு" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் மன்னிப்பும் கேட்டேன், நிஜமாகவே. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி நுனியைச் சீவிக் கொடுத்தார். அவர் டார்ச் பிடிக்க, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொரியைத் துளித் துளியாக நெம்பி எடுத்தேன். கடலைத் துணுக்கு சுலபத்தில் அசையவில்லை. குச்சி இரண்டு முறை ஒடிந்தது. கடைசியில் அது தெறித்து வெளியே வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து ஸ்லாட்டைத் தேய்த்து, ஹேர் டிரையர் காட்டி, காய்ந்துவிட்டதா என்று நாலு தரம் பார்த்தேன்.

கார்டை வைத்து அழுத்தினேன். 'டக்' என்று கொக்கி மாட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் இந்தச் சத்தம் வரவே இல்லை. நல்ல நேரம் முடிவதற்குள் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதை நான் கவனிக்கவும் இல்லை. ஸ்விட்சைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கணவர் எண்ண ஆரம்பித்தார். ஏழில் திரை எழுந்தது. நான் நாற்காலியிலிருந்து குதித்ததில் கீழ்வீட்டிலிருந்து என்ன ஆச்சு என்று குரல் வந்தது. மணி மூன்று இருபது. அக்காவின் வீடு தூண், படி, கதவு, ஜன்னல் என்று ஒவ்வொன்றாக மலர்ந்து வந்து நின்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாலு மணிக்குச் சரியாக வந்தார்கள். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தார். தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், நீங்க கஷ்டப்பட்டு செஞ்சிருக்கீங்க. ஆனா நான் முடிவு பண்ணிட்டேன். உங்களுக்காகத்தான் வந்தேன்."

நான் மவுஸை அவர் கையில் கொடுத்தேன். முதலில் தூணில் போய் முட்டினார். பிறகு வழி பிடிபட்டது. தூணில் ஓரிடத்தில் நீலக்கோடு ஒன்று போட்டிருந்தேன். அது என்ன என்று கேட்டார்.

"போன தடவை தண்ணி அது வரைக்கும் வந்துச்சு. அக்கா காட்டினாங்க."

படியேறினார். பாதியில் நின்று திரும்பி அந்தக் கோட்டைக் கீழே பார்த்தார். இன்னும் ஏறினார். மறுபடி பார்த்தார். உள்ளே போய்க் கூடம், சமையலறை எல்லாம் சுற்றிவிட்டு, ஆற்றைப் பார்த்த ஜன்னலோரம் நான் போட்டுவைத்திருந்த தையல் மிஷினுக்கு முன்னால் வந்து நின்றார்.  

"ஏன்க்கா, மிஷின இங்க போட்டா சாயங்கால வெயில் கண்ணுல அடிக்குமே?"

"அதுக்கு? அந்தப் பக்கம் படிக்கட்டு வருது. துணி குடுக்க வர்றவங்க எங்க ஒக்காருவாங்க?"

"படிக்கட்ட மாத்தச் சொல்லு. மேடம், மாத்தலாம்ல?"

"படிய மாத்தினா சமையக்கட்டு சின்னதாப் பூடும்டா."

"நீ ஒருத்திக்கு எவ்ளோ பெரிய சமையக்கட்டு வேணும்?"

"நீ லீவுக்கு வரமாட்டியா?"

விற்கப்போகிற வீட்டின் சமையற்கட்டுக்கு யாராவது இப்படிச் சண்டை போடுவார்களா! நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தம்பி எழுந்து பால்கனிக்குப் போய் போனில் பேசிவிட்டு வந்தார். வீட்டை வாங்க இருந்தவரிடம் நாளைக் காலை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அக்கா தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாழ்க்கையில் மவுஸைத் தொட்டதே இல்லை அவர். இரண்டு முறை தூணில் முட்டி, ஒரு முறை தெருவுக்குப் போய்விட்டு, ஒருவழியாகப் படியைக் கண்டுபிடித்தார். இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் அழுத்து என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தோம்.

"கம்முனு இருங்க எல்லாரும்" என்றார், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் என் வூட்டுக்குப் போய்கினு கீறேன்."