வெர்னாவின் சுயதொழில்

அயோவா மாநிலத்தின் அந்தச் சிற்றூரில் செத்தவர்களுக்கெல்லாம் கடைசி அலங்காரம் வெர்னா டிரெக்ஸ்லரின் கைதான். பத்தொன்பது வருடமாக ஈமச்சடங்கு நிலையத்தின் கீழ்த்தளத்தில் நின்றபடி முடி வாரி, பவுடர் பூசி, உதட்டுக்குச் சாயம் தீட்டினாள். உயிரோடு இருந்தபோது ஊரையே கடித்துக் குதறியவர்கள்கூட அவள் கைபட்டால் சாதுவாகத் தெரிவார்கள். நின்று நின்று அவளுடைய வலது முட்டிதான் தேய்ந்துபோயிற்று. அக்டோபரில் அறுவை சிகிச்சை, ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று கிழட்டு முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

கிழவர் ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்குப் போனார். மகன் டெல்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த சூட்டோடு இரண்டு நாள் வியாபாரப் பயிற்சிக்குப் போய், யாரும் கேட்காத ஞானத்தோடு திரும்பினான். திங்கட்கிழமை காலை, ஒரு டோனட்டையும் ஒரு படிவத்தையும் வெர்னாவிடம் நீட்டினான்.

"பேரு, விலாசம், வரி அடையாள எண் எழுதி, கையெழுத்துப் போடுங்க. இனிமே நீங்க சம்பளக்காரி இல்ல, சுயதொழில் பண்றவங்க. உங்களுக்கு நீங்களே முதலாளி."

"அப்ப முட்டி ஆபரேஷனுக்கு லீவு யாருப்பா குடுப்பா?"

"நீங்களே குடுத்துக்கலாம். எத்தனை நாள் வேணும்னாலும்."

பொடியன் எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறான் பாருங்கள், தன் பையில் கை வைக்காமலே. வெர்னா வரி எண்ணின் ஒன்பது இலக்கத்தையும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டோனட்டைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முன்னாள் மேயரின் இறுதிச்சடங்கு. எட்டரைக்கு டெல்பர்ட் தொலைபேசியில் அலறினான்.

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுல. மதியம் வரலாமான்னு என் முதலாளிகிட்ட கேட்டேன். தாராளமா வான்னுட்டா."

வேறு வழியின்றி டெல்பர்ட் தானே மேயருக்குச் சாயம் தீட்டினான். சர்க்கஸ் கோமாளிகூட அந்தக் கோலத்தில் வெளியே தலைகாட்ட மாட்டான். பத்து மணிக்கு மேயரின் மனைவி வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். காரை எடுத்துக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் பறந்தான்.

அவள் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்ற நேரத்துக்கு வரணும். நான் சொல்ற மாதிரி வேலை செய்யணும். முடியாதுன்னா இன்னையோட நின்னுக்கோங்க."

வெர்னா மேசையிலிருந்த தாள்களை இழுத்தாள். ஒருவர் சம்பளக்காரரா, சுயதொழில்காரரா என்று தீர்ப்புச் சொல்லும்படி வரித்துறையைக் கேட்கும் படிவம் அது. மூன்று நாளாக உட்கார்ந்து நிரப்பியிருந்தாள். வேலை நேரத்தை முதலாளி முடிவு செய்கிறார் என்று தெரிந்தால் ஆள் சம்பளக்காரர்தான்; சுயதொழில் என்று பொய்யாகக் காட்டிய முதலாளி வரிப் பாக்கியும் அபராதமும் கட்டவேண்டும்.

"வேலை நேரத்தை முடிவு பண்றது யாருங்கற கேள்விக்குத்தான் பதில் பாக்கி இருந்துச்சு. 'நான் சொல்ற நேரத்துக்கு வரணும்'... அப்புறம் என்ன சொன்னே? மெதுவாச் சொல்லு டெல்பர்ட், எழுதணும்ல."

டெல்பர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சரி, நீங்க சம்பளக்காரிதான். முட்டிக்கும் லீவு உண்டு. அப்புறமா எழுதித் தரேன், இப்பக் கிளம்புங்க."

வெர்னா பேனாவை அவன் பக்கம் தள்ளினாள்.

"முதல்ல எழுது. மேயருக்கு இனிமே அவசரம் ஒண்ணுமில்ல."