குறை சொன்னால்தான் சாவி

வண்டியைப் பார்க்க வந்தவர் வாய் திறப்பதற்குள் பல்லுக்காரர் அவர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிடுகிறார். சட்டைப் பொத்தான் அளவு வட்டம், நீண்ட எஃகுக் காம்பு. கடைவாய்ப் பல்லின் பின்புறத்தைப் பார்க்கப் பல் மருத்துவர்கள் வைத்திருக்கும் கண்ணாடி. "குனிஞ்சு அந்தச் சக்கரத்துக்கு மேல விட்டுப் பாருங்க. துரு தெரியுதா? இன்னும் கொஞ்சம் உள்ள விடுங்க. அங்க ஓட்டையே இருக்கு." வந்தவர் குனிந்தபடி இருக்க, இவர் விரல் நகத்தால் வண்டியின் உடம்பைத் தட்டிக்கொண்டே முன்னிருந்து பின்னாகப் போகிறார். "இது ஒரிஜினல். இது நான் கட்டினது. இது ஒரிஜினல். இது ரெண்டும் இல்ல, வெறும் பட்டி பூசி மூடினது."

பல்லுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சுகளைக் கொண்டு பல் செட் செய்துகொடுப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள், வாயைத் திறந்தபடி அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆட்களை அவர் பார்ப்பது அபூர்வம். அதனால் யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் முகம் நினைவுக்கு வர நேரமாகும். "யாரு, தபால் ஆபீஸ் அம்மாவா? இடது பக்கமாவே மெல்லுவாங்களே, அவங்களா?" என்பார். பிளாஸ்டர் தூள் புருவத்தில் எப்போதும் இருக்கும். சட்டை மட்டும் சலவைக்காரர் மடித்த மடிப்புக் கலையாமல் இருக்கும். வேலை செய்யும்போது மேலே ஓர் அங்கி போட்டுக்கொள்கிறார்.

பட்டறைக்கு அடுத்த ஷெட்டில் நிற்கிறது அந்த ஸ்டேஷன் வேகன். பணக்காரர்கள் குடும்பத்தோடும் பெட்டி படுக்கையோடும் ஊர் போவதற்கென்று ஒரு காலத்தில் செய்த நீளமான சொகுசு வண்டி. விருந்தாளிகளை ரயிலடியிலிருந்து அழைத்துவர ஒரு ஓட்டல் அதை வைத்திருந்தது. ஓட்டல் மூடிய பிறகு கொல்லையில் செடி முளைத்துக் கிடந்ததை இவர் வாங்கி, லாரியில் ஏற்றி வந்தார். முன்பாதி வேலை முடிந்துவிட்டது. கரும்பச்சை வண்ணத்தில் முகம் பார்க்கலாம். இஞ்சின் முதல் திருப்பிலேயே எடுக்கிறது. பின்கதவைத் தாண்டினால் வண்டி சாம்பல் நிறப் பிரைமர் பூச்சோடு நிற்கிறது, மேலே கோட்டு போட்டு இடுப்பில் துண்டு கட்டிய மனிதரைப் போல.

டேஷ்போர்டில் காணாமற்போன குமிழ்களை அவர் பல் செய்யும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருக்கிறார். எஞ்சியிருந்த ஒரு பழைய குமிழின் பக்கத்தில் பல்நிற மாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, வெற்றிலை போடாத அறுபது வயதுக்காரரின் பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தாராம். பின்விளக்குகளில் வலது மட்டும் பழையது. இடது, ஈறு செய்யும் இளஞ்சிவப்பில் சாயம் கூட்டி அவரே வார்த்தது. இரண்டையும் எரியவிட்டால் ஒன்று சிவப்பாகவும் மற்றது யாரோ சிரிப்பது போலவும் இருக்கும். இதையும் அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

வண்டியை விற்கவேண்டிய காரணம் மாடியில் இருக்கிறது. அவர் மனைவி தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடிப்படி குறுகல், செங்குத்து. கடைசியாக ஆஸ்பத்திரிக்கு அவரை நாற்காலியில் வைத்து இரண்டு பேர் இறக்கினார்கள். திரும்பி வந்ததும், "இனிமே என்னை அலமாரி மாதிரி தூக்காதீங்க. நான் மேலயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு உலகம் என்பது தெருப்பக்க ஜன்னல். கீழே படுக்கை போடக்கூடிய இடம் ஷெட் ஒன்றுதான். அதை அறையாக்க மேஸ்திரி வந்து அளந்துவிட்டுப் போனார். "வண்டியை எடுத்துட்டுச் சொல்லுங்க. வர்ற திங்கக்கிழமைக்குள்ள இல்லைன்னா நான் அணைக்கட்டு வேலைக்குப் போயிடுவேன். திரும்பி வர அடுத்த வருஷம் ஆகும்" என்று அவர் சொன்னது மாடி ஜன்னலுக்கும் கேட்டது.

வண்டி மேல் பல்லுக்காரருக்கு உயிர், அதனால்தான் கைவிட மனமில்லை என்று தெருவில் சொல்கிறார்கள். அது சரியான தகவல் இல்லை. கண்ணாடியில் துருவைப் பார்த்துப் பயந்து போனவர்கள் சிலர் உண்டு. படப்பிடிப்புக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர், "அண்ணே, நான் வாங்கணும்னுதான் வந்தேன். நீங்க பேயைக் காட்டற மாதிரி காட்டறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களையும் இவர் திருப்பி அனுப்பினார். அதன் காரணம் அவர் தொழிலில் இருக்கிறது.

பல் செட்டை முதலில் மெழுகில் அமைத்து வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் இவர் மருத்துவரின் அறைக்குத் தானே போய் ஓரமாக நிற்பார். எனக்கு மேல்வரிசை செய்தபோது நான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன்.

"நல்லா இருக்குன்னா என்ன சார் அர்த்தம்? ஒரு குறை சொல்லுங்க."

குறை ஒன்றும் இல்லை என்றேன். மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். இவர் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை, வலது ஓரம் கன்னத்தைத் தள்ளுகிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே எனக்குப் பல் கிடைத்தது. "மெழுகா இருக்கும்போது சொன்னா ஒரு சூடு காட்டினாப் போதும். கெட்டியான பிறகு சொன்னா உடைக்கத்தான் வேணும்" என்று விளக்கினார். "சூப்பர்னு சொல்லிட்டுப் போறாங்க பாருங்க, அவங்கதான் மறுநாள் காலையில கையில கழட்டி எடுத்துட்டு வருவாங்க."

வண்டிக்கும் அதே சட்டம். வாங்குகிறவர் தன் வாயால் ஒரு குறை சொல்லவேண்டும். இவர் காட்டிய குறை கணக்கில் சேராது. சொல்லாதவர், நாளைக்கு வரவேண்டும். யாரும் நாளைக்கு வரவில்லை.

மேஸ்திரி சொன்ன கெடுவுக்கு முந்தைய சனிக்கிழமை ரொட்டிக்கடைக்காரர் வந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கல்யாண கேக்குகளை இந்த வண்டியில் கொண்டுபோய் இறக்குவதாக ஏற்கெனவே மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். துருவைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார்.

"அதனால என்ன, அடைச்சுக்கலாம்."

"பின்விளக்கு ஒண்ணு ஈறு கலர்ல இருக்கும்."

"கேக் கடைக்கு ரோஸ் கலர் நல்லதுதான் சார்."

"பின்பாதி வேலை அப்படியே கிடக்கு."

"கிரீம் இன்னும் போடலைன்னு வச்சுக்கறேன்."

பல்லுக்காரர் அங்கியை அவிழ்த்து மடித்துப் பானட்டின் மேல் வைத்தார். "எல்லாம் நான் சொன்னது. நீங்க ஒண்ணு சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"எது சரியில்லைன்னு."

ரொட்டிக்கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். உண்மையாகவே தேடினார். உள்ளே உட்கார்ந்து பார்த்தார், ஹாரனை அடித்துப் பார்த்தார். "எனக்கு எல்லாம் பிடிச்சிருக்கு சார். பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"அப்போ நாளைக்கு வாங்க."

"நாளைக்கு மட்டும் கெட்டுப் போயிடுமா?"

மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. ஊர்களை இணைத்துப் பழகிய குரல், ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்டது. "என்னங்க, அவரு பொண்ணு பார்க்க வந்திருக்காரா, வண்டி வாங்க வந்திருக்காரா?"

"நீ கொஞ்சம் சும்மா இரு. தொழில் பேசிட்டிருக்கேன்."

ஜன்னலில் முகம் மறைந்தது. பிறகு வீட்டுக்குள்ளே தொப்பென்று ஒரு சத்தம், ஒரு இடைவெளி, மறுபடி ஒன்று. பல்லுக்காரர் உள்ளே ஓடினார். அந்த அம்மாள் படிகளில் உட்கார்ந்தபடியே, இரண்டு கையையும் ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். கணவர் கை நீட்டினார்.

"தொடாதீங்க. நானே ஆரம்பிச்சேன், நானே முடிச்சுக்கறேன்."

கடைசிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பட்டறை வழியாக ஷெட்டுக்கு வந்தார். ரொட்டிக்கடைக்காரர் தன்னையறியாமல் பின்கதவைத் திறந்து பிடித்தார். அம்மாள் தோல் இருக்கையில் பக்கவாட்டாக அமர்ந்தார். கையால் இருக்கையைத் தடவினார். குமிழ்களை, கூரைத் துணியை, கதவின் மரச்சட்டத்தை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். அவர் அந்த வண்டியில் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

"குறை கேட்டீங்களே, நான் சொல்றேன்."

"வாங்கறவர்தானே சொல்லணும்."

"கூடவே குடியிருக்கறவளும் சொல்லலாம். வண்டி நல்லாத்தான் இருக்கு. நல்லா பண்ணியிருக்கீங்க. நிக்கிற இடம்தான் சரியில்ல."

பல்லுக்காரர் வண்டியின் நீளத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மனைவி கால் வைத்திருந்த தரையைப் பார்த்தார். கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் துழாவினார். யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார். "அது குறைதான்" என்றார் கடைசியில். "மெழுகா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்."

"எத்தனை வருஷமா சொல்றேன். உங்களுக்கு இன்னிக்குத்தான் காது கேட்டுது."

சாவி கை மாறியது. ரொட்டிக்கடைக்காரர் வண்டியைப் பின்னோக்கி எடுத்தார். முதலில் சாம்பல் பாதி வெளியே வந்தது, பிறகு பச்சைப் பாதி. தெருமுனையில் திரும்பும்வரை தெருக்காரர்கள் நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். பல்லுக்காரர் பார்க்கவில்லை. அவர் மேஸ்திரிக்குப் போன் செய்துகொண்டிருந்தார்.

அந்த அம்மாள் அன்று மாடி ஏறப்போவதில்லை என்பது யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன்கள் மெத்தையை இறக்கி வந்து, எங்கே போடுவது என்று கேட்டு நின்றார்கள். பல்லுக்காரர் அவர்களைப் பொறுக்கச் சொன்னார். ஷெட்டின் எண்ணெய்க் கறைத் தரையில், சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு மல்லாந்து படுத்தார். கைகளை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். வாசல் வெளிச்சம் கண்ணில் விழுந்தது. எழுந்து, தலையை மறுபக்கம் வைத்து, திரும்பப் படுத்துப் பார்த்தார்.