"நல்லா கீறேன்மா"

ஆவடி பக்கம் ஒரு மருத்துவமனையில் புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுப் பிரிவில் நான் நர்ஸ். சர்க்கரை நோய்க்கான புது மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்கச் சம்மதித்து, சேக்காட்டிலிருந்து ஏழுமலை அண்ணன் வருவார். ஒவ்வொரு முறையும் "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்பேன். "நல்லா கீறேன்மா" என்பார். அதையே எழுதிக்கொள்வேன்.

ஒருநாள் சுவரைப் பிடித்தபடி நடந்து வந்தார். கூட வந்த மனைவிதான் போட்டு உடைத்தார்.

"மாத்திர போட்டதுலேர்ந்து தல சுத்திகினே கீதும்மா. பயந்துகினு வண்டியே எடுக்கறதில்ல."

"ஏண்ணா என்கிட்ட சொல்லல?"

"இவ்ளோ பாசமா பாத்துக்கிற. உன் மருந்து சரியில்லன்னு எப்பிடிம்மா சொல்றது?"

டாக்டர் உடனே மாத்திரையை நிறுத்தினார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். மருந்தின் கெடுதலைக் கண்டுபிடிக்கவும்தான் இந்த ஆய்வு என்பதைப் புரியும்படி சொல்லவில்லை. அவர் மறைத்தது அப்படியே போயிருந்தால், நாளை எத்தனை பேர் தலை சுற்றி விழுந்திருப்பார்களோ! 'நல்லா இருக்கீங்களா' என்று யார் கேட்டாலும் நம் ஊரில் ஒரே பதில்தானே?

இப்போதெல்லாம் நான் அப்படிக் கேட்பதில்லை. "போன தடவைக்கு அப்புறம் உடம்பு என்ன பண்ணுது?" என்கிறேன். "ஒண்ணும் இல்லம்மா" என்று யாராவது தயங்கினால், நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.