மூன்றாவது கை

எனக்கு மூன்று கைகள். மூன்றாவது, எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் மாத்திரை அட்டைகளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வெள்ளைப் பீங்கானில் செய்த இடது கை, மணிக்கட்டு வரைக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ சாமி பொம்மை உடைந்துபோனது என்று நினைத்துக்கொண்டு, கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

அது என் மூன்றாம் வகுப்புக் கை.

நான் அப்போதும் இப்போதும் பயந்த சுபாவம். போன வாரம் எங்கோ ஓர் ஊரில் டீச்சர் பிள்ளையை அடித்துவிட்டதாகப் போனில் செய்தி பார்த்தேன். அன்றிலிருந்து என் மகள் ஸ்கூல் விட்டு வந்ததும், ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லிப் புரட்டிப் பார்க்கிறேன். "என்னம்மா, டெய்லி செக்கிங்கா?" என்கிறாள்.

எங்கள் டீச்சர் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ் நேரத்துக்கு வந்த நாளில் அவரைப்போல நல்லவர் கிடையாது, ஆடிப் பாடிச் சொல்லித்தருவார். பஸ் தாமதமான நாளில் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. அப்படி ஒரு நாளில் என் நகக்கண்ணில் மண் இருந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அது இருக்கும். விருத்தாசலத்தில் அப்பா அம்மா பீங்கான் பொம்மை யூனிட்டில் வேலை செய்தால் பிள்ளையின் நகத்தில் களிமண் ஒட்டாமல் என்ன செய்யும்? "கையை நீட்டு" என்றார். நீட்டினேன். மரஸ்கேல் இறங்கியது. இரண்டாவது அடிக்குக் கையை இழுத்துக்கொண்டேன். அந்தக் கோபத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து, ஸ்கேலைத் திருப்பி, விளிம்பால் புறங்கையில் போட்டார். எத்தனை என்று நான் எண்ணவில்லை.

வீட்டில் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் அப்பா சண்டைக்குப் போவார், போலீஸ் ஜீப் வரும், யாரைப் பிடித்தாலும் கடைசியில் என்னைத்தான் கேட்பார்கள் என்று பயம். சாயந்திரம் அம்மா வீட்டுக்கு எடுத்துவந்திருந்த பொம்மைகளுக்குப் பிசிறு சீவிக்கொண்டிருந்தார். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் கோடு மாதிரி மண் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பிசிறு. அம்மா பக்கத்தில் உட்காரும் ஆசையில் நானும் சீவுவேன். அன்று இடது கையால் ஒரு வாத்தைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டுவிட்டேன். அம்மா கையைப் பார்த்தார்.

"விழுந்தா உள்ளங்கைதான தேயும்? பொறங்கையில வரிவரியா எப்புடிடி வீங்கும்?"

மறுநாள் அப்பா ஸ்கூலுக்குப் போனார். ஹெச்.எம். ட்ரெயினிங் போயிருக்கிறார், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். லேசாக ஒரு தட்டு தட்டியதாகவும், வீக்கம் வீட்டில் வந்ததாக இருக்கும் என்றும் டீச்சர் சொல்லிவிட்டார். அப்பா திரும்பிவந்து, "ஒரு வாரத்துல வீக்கம் வத்திடும். அப்புறம் எவன் நம்புவான்?" என்றார். அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அதில் எடுத்த படத்தில் என் கை கருகிய தோசை மாதிரி இருந்தது.

மாமா அம்மாவின் தம்பி, அதே யூனிட்டில் சூளை வேலை. அவருக்குத்தான் அந்த யோசனை வந்தது. "அக்கா, புள்ளையாரையே அச்செடுக்குறோம். இந்தக் கையை எடுக்க முடியாதா?"

அப்பா என் கையில் தேங்காயெண்ணெய் தடவி, பலகையில் வைத்து, சுற்றிலும் களிமண்ணால் கரை கட்டிப் பிளாஸ்டர் ஊற்றினார். "செத்த நேரத்துல சூடு ஏறும். பயப்படாத பாப்பா." சூடு ஏறுவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டேன். கை வெளியே வராமலே போய்விட்டால் இந்தக் கட்டியோடு எப்படித் தூங்குவது என்பது என் கவலை. வந்துவிட்டது. அச்சுக்குள் மண்ணை அழுத்தி எடுத்தபோது, வீங்கிய ஒவ்வொரு வரியும் அப்படியே இருந்தது. அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஒரு பிசிறு சீவக் கூடாது. நாமளே செதுக்குனோம்னு சொல்லிடுவாங்க."

நன்றாகக் காயவிட்டு, மாமா அதை அகல் விளக்குகளுக்கு நடுவில் வைத்துச் சுட்டு எடுத்துவந்தார். மூன்று பேரும் பார்த்தார்கள். மண் காய்ந்தால் சுருங்கும், சுட்டால் இன்னும் சுருங்கும். அதற்காகத்தான் எந்த அச்சையும் பெரிதாகவே போடுவார்கள். தூக்கத்தில் கேட்டாலும் அப்பா அதைச் சொல்வார். ஆனால் கோபத்தில் மூன்று பேருக்குமே மறந்துபோயிருந்தது. என் கை பொம்மைக் கை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"பாக்க அழகாத்தான் இருக்குது" என்றார் மாமா. அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

வகுப்பில் பார்த்த பிள்ளைகள் பயத்தில் வாய் திறக்கவில்லை. வேறு சாட்சி இல்லை. என் நிஜக் கையில் வீக்கம் அதற்குள் நன்றாக வற்றிவிட்டிருந்தது. ஹெச்.எம். திரும்பி வந்த அன்று அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். நம்பாவிட்டால் நான் அதே வகுப்பில், அதே ஸ்கேலுக்கு முன்னால், பொய் சொன்ன பிள்ளையாக உட்கார வேண்டும். வழியெல்லாம் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

ஹெச்.எம். பீங்கான் கையை மேசையில் வைத்து, என் கையையும் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

"இது இந்தப் பொண்ணு கையே இல்லியே. ஒண்ணாங்கிளாஸ் புள்ள கை மாதிரி இருக்குது."

"சூளையில மண்ணு சுருங்கிடுச்சுங்க சார்."

"அப்ப வீக்கமும் சுருங்கியிருக்கணுமே?"

"ஆமாங்க சார்" என்றார் அப்பா. "சுருங்கியே இவ்வளவு இருக்குது."

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

டீச்சர் வந்து, யாரும் சொல்லாமலே அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ சின்னதா?" என்றார்.

பெரியவர்கள் யாரும் பதில் சொல்லாததால் நான் சொன்னேன்: "சுட்டா சுருங்கிடும் டீச்சர். நெசத்துல பெருசு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் சார் அடிச்சேன்" என்றார்.

செய்தி யூனிட் யூனிட்டாகப் பரவியது. பிசிறு சீவிக்கொண்டிருந்த அம்மாக்கள் அன்று சாயந்திரமே தங்கள் பிள்ளைகளின் கைகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். மறுநாள் ஹெச்.எம். அறை வாசலில் கூட்டம். விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். வகுப்புகளிலிருந்து மரஸ்கேல்கள் போய்விட்டன. டீச்சர் கொஞ்ச காலம் வரவில்லை. திரும்பி வந்த பிறகு, பஸ் தாமதமான நாட்களில் வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நாங்கள் அவர் கையைத்தான் பார்ப்போம். வெறும் கை.

பீங்கான் கை ஹெச்.எம். மேசையிலேயே, வருகைப் பதிவேட்டின் மேல் இருந்தது. தினமும் கையெழுத்துப் போட வரும் டீச்சர்கள் அதை நகர்த்திவிட்டுத்தான் போட வேண்டும். யாராவது உடைத்துவிடுவார்களோ என்று எனக்கு அந்தக் கவலை வேறு. எட்டாவதோடு நான் நின்றபோது (அம்மாவுக்கு மூச்சிரைப்பு, அவர் இடத்தில் நான் உட்கார வேண்டியிருந்தது) பேப்பரில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்கள்.

மண் சுருங்கும் என்பது தெரியாமல்தான் டீச்சர் "இவ்ளோ சின்னதா?" என்று கேட்டார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நமக்குத் தெரிந்தது டீச்சருக்குத் தெரியவில்லையே என்று அதில் கொஞ்சம் பெருமைகூட.

நேற்று கைச் சோதனை முடிந்ததும் என் மகள், "என் கையும் இதுவும் ஒண்ணா இருக்குது பாரேன்" என்று பீங்கான் கையின் மேல் தன் கையைப் பொருத்திக் காட்டினாள். இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. விரலுக்கு விரல் சரியாக இருந்தது. டீச்சர் கேட்டது அப்போதுதான் என் காதில் விழுந்தது.