வால் வரவில்லை

இது நடந்தது. 1998 டிசம்பர் 12, சனிக்கிழமை. மணியைக்கூடச் சரியாகச் சொல்வேன், ஏனென்றால் அன்று என் கையில் இருந்த வாட்ச் புதுசு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருடைய பெயரையும் மாற்றவில்லை. சரியாக எந்த இடம் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே நாலு பேர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அங்கே கிளம்பிவிடுவீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது நான் அல்சூரில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சனி ஞாயிறு வந்தால் கியர் சைக்கிளில் காடு மேடெல்லாம் சுற்றுகிற ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தேன். கூட்டத்துக்குத் தலைவன் ரகுராம். சுற்றுவட்டாரக் குன்றுகள் எல்லாம் அவனுக்கு அலுத்துப்போய்விட்டன. இந்தத் தடவை ஹொன்னாவர் பக்கம், காட்டிலிருந்து கடலுக்கு இறங்குகிற பாதை என்று முடிவு செய்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் கூரையில் ஆறு சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஆறாவது ஆள் லாயிட். ஜீவனஹள்ளிக்காரன், என்னோடு வேலை பார்த்தவன். பெங்களூர் பழக்கத்தில் யாரையும் "குரு" என்றுதான் கூப்பிடுவான். காட்டுப் பாதையில் அவன் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. வரமாட்டேன் என்றவனை வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனது நான்தான். அவனுடைய அக்கா ஜூடித் வாசல்வரை வந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போறது நீ, வெங்கி. கூட்டிட்டு வர வேண்டியதும் நீதான்."

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன். காட்டில் ஆளுக்கு ஒரு வேகம், எல்லாரும் சேர்ந்தே போக முடியாது. அதனால் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்திலெல்லாம் ரகுராம் ஒருவனை நிறுத்திவிட்டுப் போவான். அவன் சரியான பக்கம் கையைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எத்தனை நேரம் ஆனாலும் நகரக் கூடாது. எல்லாருக்கும் கடைசியில் வருகிறவனுக்கு வால் என்று பெயர். வால் வந்து, "நான்தான் வால், போலாம்" என்று சொன்ன பிறகுதான் நிற்கிறவன் இடத்தை விடலாம். வாலுக்குப் பின்னால் ஒருத்தரும் இருக்கக் கூடாது.

அன்றைக்கு வால் நான். காலையிலிருந்து ஆறேழு இடத்தில் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை வாய்க்குப் பழகிப்போயிருந்தது.

சாயங்காலம் 5:20. லாயிட்டின் செயின் அறுந்தது.

செயினைக் கோக்கிற டூல் வாலின் பையில்தான் இருக்க வேண்டும். பை கனக்கிறது என்று காலையிலேயே அதை ரகுராமின் பையில் தள்ளிவிட்டிருந்தேன். அவனோ இந்நேரம் கடற்கரைக்கே போய்ச் சேர்ந்திருப்பான். பத்து நிமிடம் இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். மரங்களுக்கு அடியில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் முன்னால் போய் டூலை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன் என்றேன். அவன் தயங்கினான். வழி தெரியாதே என்றான்.

"பிரியற இடத்துல நம்ம ஆள் நிப்பான். அவன் கை காட்டற பக்கம் வா."

"சரி குரு. சீக்கிரம் வந்துடு."

அவனுக்காகத்தான் போனேன் என்று ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். இருட்டுவதற்குள் அந்தக் காட்டை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்று இருந்தது எனக்கு. பயந்துவிட்டேன்.

இறக்கத்தில் வேகமாக விட்டேன். இரண்டு பக்கமும் முந்திரி மரங்கள். ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. 5:48க்குப் பாதை பிரியும் இடம் வந்தது.

ஒருவன் நின்றிருந்தான்.

சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, இடது கையை இடப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான். எங்கள் ஆள்தான் என்று நினைத்தேன். உயரத்தைப் பார்த்தால் சீனு மாதிரி இருந்தது. மஞ்சள் ரெயின்கோட் போட்டிருந்தான். அதன் தொப்பி முகத்தை மூடியிருந்தது.

டிசம்பரில் எதற்கு ரெயின்கோட்?

அதை யோசித்து முடிப்பதற்குள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நான்தான் வால், போலாம்."

அவன் நகரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

பிரேக் பிடித்து நின்றேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சொட்... சொட்... சொட்...

கோட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவன் காலடியில் மண் சேறாகிக் கிடந்தது. சுற்றிலும் புழுதி. அங்கே மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்.

"சீனு?"

தலையை மட்டும் இரண்டு பக்கமும் மெதுவாக ஆட்டினான். இல்லை என்று. பிறகு என்னைத் தாண்டி, நான் இறங்கி வந்த பாதையைப் பார்த்தான். லாயிட் வந்துகொண்டிருந்த பக்கம்.

இன்னும் ஒருத்தன் வர வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பின்னால் ஆள் வருகிறான், நில் என்று. அவ்வளவுதான். ஆனால் அவனைத் தாண்டி, அவனை என் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, தனியாக அந்த இறக்கத்தில் போக என்னால் முடியாது. அவன் எனக்கு முன்னால் போகட்டும். என் கண்ணில் படுகிற மாதிரி போகட்டும்.

"யாருமில்ல. நான்தான் கடைசி. நீ போ."

கை இறங்கியது.

மெதுவாக... ரொம்ப மெதுவாக...

சைக்கிளில் ஏறினான். இடப் பக்கம் இறங்கினான். மிதிக்காமல் போகிற சைக்கிளில் டிக் டிக் என்று சத்தம் வரும். அவன் மிதிக்கவில்லை. சத்தமும் வரவில்லை. சொட்... சொட்... என்பது மட்டும் கேட்டது.

முதல் வளைவில் மறைந்தான். நான் அந்த வளைவைத் திரும்பினேன். அங்கிருந்து பாதை நேராகக் கண்ணுக்கு எட்டிய தூரம் போனது.

யாருமில்லை.

6:02. கடற்கரை. டீக்கடையில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ரகுராம், அலெக்சாண்டர், நோரா. சீனு பனியனோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் அரைமணி நேரமாக அங்கேதான் இருக்கிறானாம்.

"மேல பிரியற இடத்துல யாரை நிறுத்தின?" என்றேன்.

"எந்த இடத்துல?" என்றான் ரகுராம்.

இறக்க வேகத்தில் அந்த வலப் பக்கப் பாதை அவன் கண்ணிலேயே படவில்லை. யாரையும் அங்கே நிறுத்தவில்லை.

டூலையும் டார்ச்சையும் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மற்றவர்கள் பின்னால் ஓடி வந்தார்கள். ஏற்றம். சைக்கிள் உதவாது. சூரியன் போய்விட்டது, நிலாவும் இல்லை.

6:38. அந்த இடம் காலியாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் ஈரமாக இருந்தது.

டார்ச்சை அடித்தேன். புழுதியில் ஷூ தடம். பக்கத்தில் தள்ளிக்கொண்டு போன சைக்கிளின் தடம். இரண்டும் அந்த ஈரத்தைச் சுற்றிக்கொண்டு...

வலப் பக்கம் போயிருந்தன.

கடல் சத்தம் அந்தப் பக்கம்தான் பலமாகக் கேட்டது. கேட்டவன் கடற்கரை அங்கே இருக்கிறது என்றுதான் நினைப்பான்.

"லாயிட்..."

கத்தினோம். ஐந்து பேரும் கத்தினோம்.

6:43. தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை கேட்டது.

"குரு... எந்தப் பக்கம்...?"

"நில்லு. அங்கயே நில்லு."

பதில் இல்லை.

கடல் மட்டும்.

ஓடினோம். பாதை திடீரென்று செம்பாறையில் முடிந்தது. அவனுடைய சைக்கிள் ஓரத்தில் கிடந்தது. அதற்கு அப்புறம் தரை இல்லை.

மூன்றாம் நாள் மீனவர்கள் அவனைக் கொண்டுவந்தார்கள்.

அன்று அந்த டீக்கடைக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னடத்தில், ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜூலை மழையில், வெளியூரிலிருந்து சைக்கிள்காரர்கள் சிலர் வந்தார்களாம். அந்த இடத்தில் ஒரு பையனை நிறுத்திவிட்டு இறங்கினார்களாம். கடைசியில் வர வேண்டியவனுக்குக் காய்ச்சல். மேலேயே ஒரு லாரியில் ஏறி ஊருக்குப் போய்விட்டான். பையன் மஞ்சள் கோட்டோடு மழையில் நின்றுகொண்டே இருந்தான். இருட்டிய பிறகுதான் நகர்ந்திருக்கிறான். வலப் பக்கமாக.

அதற்கப்புறம் அந்த இடத்தில் ஊர்க்காரர்கள் யாரும் வழி தவறியதே இல்லை என்றார். ராத்திரியில் மாடு தேடிப் போனவர்கள்கூட. ஒரு மஞ்சள் கோட்டு நின்று சரியான பக்கம் கை காட்டுமாம். அவர்களுக்கு அதனிடம் பயம்கூடப் போய்விட்டதாம்.

"மூன்று நாளாக அவனைக் காணோம்" என்றார். எங்கே போயிருப்பான் என்று என்னையே கேட்டார்.

எனக்குத் தெரியும். நான்தான் அவனைப் போகச் சொன்னேன். இனி யாருமில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஜூடித் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கல்லறைத் தோட்டத்தில் எனக்கு எதிரே நின்றாள், அவ்வளவுதான்.

2001 ஆகஸ்டில் சைக்கிளை விற்றுவிடலாம் என்று அடுகோடியில் ஒரு கடைக்குப் போனேன். டயர் மாற்ற வந்திருந்த ஒரு பையன், போன மாதம் ஹொன்னாவர் பக்கம் காட்டுப் பாதையில் ஓட்டியதைக் கடைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தான். முந்திரித் தோப்புக்குக் கீழே பாதை பிரிகிற இடத்தில் ஒருத்தர் நின்று இடப் பக்கம் கை காட்டினாராம். தமிழ்க்காரர். அவருடைய சைக்கிளில் செயின் அறுந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். இருட்டுகிறது, எங்களோடு வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் வரவில்லையாம்.

என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். அந்தப் பையன் அப்படியே சொல்லிக் காட்டினான்.

"வால் இன்னும் வரல குரு. டூல் எடுத்துட்டு வரேன்னு போயிருக்கான்."

அந்த டூல் என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஒரு ராத்திரி பஸ் பயணம், ஒரே ஒரு வாக்கியம். மூன்று தடவை மெஜஸ்டிக் பஸ் நிலையம்வரை போய்த் திரும்பிவிட்டேன். பயம்தான், மறைக்கவில்லை. ஆனால் பயம் மட்டும் இல்லை.

நான் போய்ச் சொன்னால் அவன் கை இறங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தில் யார் நிற்பது?