எச்சரிக்கையின் வாயை அடைத்த வரி

அந்த வரியை எழுதியவன் நான். வேலை போனது அவளுக்கு.

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். மலை நெடுக இருபத்திரண்டு ஸ்டோர்கள். ஒவ்வொன்றிலும் காய் உலர்த்தும் அறையின் சூட்டை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கவனிக்கும். எல்லாவற்றுக்கும் கட்டளைகள் ஆபீசிலிருந்து போகும்; அதற்கான விதிகள் ஒரே கோப்பில் இருக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஹோஸ்ட் கீ என்று ஓர் அடையாளம் உண்டு. நாம் தேடிப்போன கம்ப்யூட்டர்தானா என்று அதை வைத்துத்தான் சரிபார்ப்பது. மாறியிருந்தால் எச்சரிக்கை வந்து வேலை நின்றுவிடும். இடி விழுந்து எங்காவது கம்ப்யூட்டரை மாற்றினாலும் எச்சரிக்கை. எனக்கு எரிச்சல். சரிபார்க்க வேண்டாம் என்று கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டேன். முப்பது வருட அனுபவசாலியின் மேதைமை அவ்வளவுதான்.

என்னுடன் வேலை பார்த்தவள் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து படித்து வந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஒவ்வொரு ஸ்டோருக்கும் போய், கீயை நேரில் பார்த்துக் குறித்து வந்தாள்.

"சார், பட்டியல் ரெடி. இத மெயின் கோப்புல சேத்துட்டு உங்க வரிய எடுத்துரலாமா?"

"ஏம்மா, நாம ஏலக்கா காயப்போடுறோமா, செக்போஸ்ட் நடத்துறோமா?"

"செக்போஸ்ட்லயும் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சார் விடுறான்."

ஆபீஸ் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே பட்டியலைத் திறக்காமல் வைத்தேன்.

அந்த வருட மழையில் கம்பம்மெட்டு ஸ்டோரின் ரவுட்டர் கருகியது. புதிது வைத்ததும் அங்கிருந்த கம்ப்யூட்டர்களின் முகவரிகள் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன. அங்கே மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்தழிக்க நான் அனுப்பிய கட்டளை, சூட்டைக் கவனிக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. கீ வேறு என்று எச்சரிக்கை கத்தியிருக்கும், அதன் வாயைத்தான் அடைத்துவிட்டேனே. சூடு ஏறியது. பச்சைக் காய் மொத்தமும் பழுப்பாக வெளியே வந்தது.

"யாரு பண்ணது?" என்றார் முதலாளி.

எனக்கும் அவளுக்கும் ஒரே லாகின்; கட்டளை யாருடையது என்று பதிவில் தெரியாது. அதுவும் என் சோம்பேறித்தனம்தான்.

"பாக்கணும் சார்" என்றேன். அந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. நான் பெரிய மனிதன், அவள் லயத்துப் பெண். அடுத்த வாரம் வேலை பறிபோய், கம்பம் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அவள் போனதும் என் வரியை எடுத்துவிட்டு அவள் பட்டியலைச் சேர்த்தேன். முதலாளி என்னைப் பாராட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற அன்று அவரிடம் உண்மையைச் சொன்னேன். "பழைய கதை, விடுங்க சார்" என்று லட்டை நீட்டினார். அதையும் தின்றேன்.

கடைசியில் அவளுக்கே போன் செய்து சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் சார். அந்த வரிய எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேம்மா. உன் பட்டியல்தான் ஓடுது."

"மேல என் பேரு போட்டிருந்தேனே, இருக்கா?"

பட்டியலைச் சேர்த்தபோது நான் முதலில் அழித்தது அதைத்தான்.

"இல்ல" என்றேன்.

"இதயாவது கேட்டவுடனே சொன்னீங்களே" என்று வைத்துவிட்டாள்.