ரிவால்வருக்கு ஒரு சொட்டு

எண்ணெய் விஷயத்தில் தாம்பரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வேறு யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போய்விடும். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் போகவில்லை. சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு பை, பை நிறையத் தையல் மிஷின் எண்ணெய். குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஒரு தையல் கடை விடாமல் ஏறி இறங்கினேன். எண்ணெயை மொத்தமாக வாங்கிச் சின்ன பாட்டிலில் ஊற்றி, என் பெயர் போட்ட லேபிளை நானே பசை தடவி ஒட்டுவேன். அப்படி ஆரம்பித்தவன்தான் மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் சொந்தக் கடை போட்டேன். என்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரீஸ் என்று கேட்டதெல்லாம் கிடைக்கும். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில், அங்கே போன ஜல்லி லாரிகளில் பாதி என் கடை எண்ணெயில்தான் ஓடின. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் போதும், அது என்ன எண்ணெய், எவ்வளவு தூரம் ஓடிய எண்ணெய் என்று சொல்லிவிடுவேன்.

கடைக்குப் பின்னால் ஒரு பலகை வைத்திருந்தேன். அதில் வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எண்ணெய் தடவி, வெயிலிலும் மழையிலும் விட்டுவிடுவேன். எது முதலில் துருப்பிடிக்கிறது, எது பிசுபிசுக்கிறது என்று தினமும் காலையில் பார்ப்பேன். மற்றவர்கள் காலேஜுக்குப் போனார்கள். எனக்கு அந்த ஆணிப் பலகைதான் காலேஜ்.

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலை, கடையைத் திறந்து ஒரு டீ குடிப்பதற்குள் பட்டாளத்துக்காரர் வந்து நின்றார். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வீடு. ராணுவத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஸ்கூட்டருக்கு எண்ணெய் வாங்க வந்து பழகி, எனக்குத் தம்பி மாதிரி ஆகிவிட்டவர்.

"அண்ணா, பேஜாராப் போச்சு."

"இன்னா, வண்டி ஸ்டார்ட் ஆவலியா?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "வண்டி இல்லண்ணா. ரிவால்வர். சுத்தவே மாட்டேங்குது."

விஷயம் இதுதான். தாம்பரத்தில் புதிதாக ஒரு நகைக்கடை திறந்திருந்தார்கள். லைசன்ஸோடு சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கும் காவலாள் அவர்களுக்கு வேண்டும். பட்டாளத்துக்காரரை வரச் சொல்லியாகிவிட்டது. ஒன்றரை வருஷம் வேலையில்லாமல், மனைவியின் தையல் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த மனுஷன். திங்கட்கிழமை பத்து மணிக்கு நகைக்கடையின் செக்யூரிட்டி ஆபீசர் துப்பாக்கியைப் பார்ப்பார். சரியாக இருந்தால் அன்றைக்கே வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறான். பட்டணத்தில் துப்பாக்கிக் கடைகள் ஞாயிறு திறப்பதில்லை.

"இதுக்கா இந்த மூஞ்சி?" என்றேன். "எண்ணெய்னு வந்துட்டா லாரி இன்னா, ரிவால்வர் இன்னா?"

கடையிலேயே உசத்தியான வெளிநாட்டு ஸ்ப்ரே டின் ஒன்று, நல்ல கிரீஸ் டப்பா ஒன்று எடுத்துக்கொண்டு அவர் ஸ்கூட்டரில் ஏறினேன்.

வீட்டுக் கூடத்தில் அவர் மனைவி பொங்கல் ஜாக்கெட்டுகளை மலையாகக் குவித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். மிஷினை நிறுத்தாமலே, "வாங்கண்ணா. டாக்டர கையோட கூட்டிகினு வந்துட்டாரா?" என்றார்.

"நோயாளி எங்கம்மா?"

"தோ, பேப்பர்ல படுத்துகினு கீது."

செய்தித்தாள் மேல் ரிவால்வர் இருந்தது. முதலில், "குண்டு எங்கே?" என்று கேட்டேன். பீரோவில் தனியாகப் பூட்டியிருந்தது. அவர் கொக்கியைத் தள்ளி, கஷ்டப்பட்டுக் குழலை மடக்கித் திறந்து, ஆறு ஓட்டையும் காலி என்று காட்டினார். குண்டு போடும் அந்த உருளை அசையவில்லை. இடுக்கெல்லாம் மஞ்சளாக ஏதோ கெட்டிப்பட்டிருந்தது.

"இது இன்னாம்மா?"

"சந்தனம்ணா. ஆயுத பூஜைக்கு வெச்சது. அருவாமணைக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வெச்சிட்டு, நெஜமான ஆயுதத்த சும்மா வுட்டா சாமி இன்னா நெனைக்கும்?"

"பொட்டு சரி. எண்ணெய் யார் போட்டது?"

"அது இவரு. பளபளன்னு இருக்கணும்னு நல்லெண்ணெய ஊத்துனாரு."

"ஊத்தல. தடவினேன்."

"பட்டாளத்துல இருபது வருஷம் சமையக்கட்டுல சப்பாத்தி சுட்டவரு. வேற எந்த எண்ணெய் தெரியும் இவருக்கு?"

"நானும் டிரெயினிங்ல சுட்டவன்தான்!"

"ஆமா, முன்னால நின்ன ஆளு பொழச்சதே பெரிசு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் நோய் தெரிந்துவிட்டது. தினமும் ஏற்றுகிற சாமி விளக்கைத் தேய்க்காமல் விட்டால் ஒரு பிசுக்கு பிடிக்குமே, நகத்தால் சுரண்டினாலும் போகாதே, அதுதான். நல்லெண்ணெய் காய்ந்தால் பசை. அதோடு சந்தனப் பொடி சேர்ந்து இரண்டு மாதம் பீரோவில் இருந்தால் சிமெண்ட்.

ஒரு சங்கடம் இருந்தது. லைசன்ஸ் அவர் பெயரில். இன்னொருத்தர் துப்பாக்கியில் நான் கை வைக்கக் கூடாது. அதனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வேலை வாங்கினேன். என் கைக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று வேலை தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்து அவரைத் தேய்க்கவைத்தேன். மஞ்சள் குழம்பாக வழிந்தது. மூன்று முறை தேய்த்து, துணியால் துடைத்து, ஜன்னல் வெயிலில் உலர்த்தியதும் உருளை மெதுவாக அசைந்தது.

"பாத்தியா?" என்றேன். "இப்ப கிரீஸ வை. லாரி சக்கரத்துக்கே இதான்."

வைத்தார். காலித் துப்பாக்கியைச் சுவர் பக்கம் திருப்பி விசையை இழுத்தார். குண்டின் பின்னால் டக்கென்று அடிக்க வேண்டிய சின்னச் சுத்தி, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் மாதிரி மெதுவாக வந்து சாய்ந்தது. லாரி சக்கரம் தாங்கும் கனத்தை இந்தச் சின்ன ஸ்பிரிங் எங்கே தாங்கும்? அவர் முகம் கறுத்துவிட்டது.

"கழுவு," என்றேன். மறுபடி மண்ணெண்ணெய்.

அடுத்தது வெளிநாட்டு டின். அழுத்தினதும் புஸ்ஸென்று பாய்ந்து, ரிவால்வர் முழுக்கக் குளித்துவிட்டது. கைப்பிடி வழியே சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. உருளை என்னவோ பம்பரமாகச் சுற்றியது. நான் மீசையைத் தடவினேன்.

பட்டாளத்துக்காரர் தலையாட்டினார். "ஆவாதுண்ணா. இவ்ளோ ஈரத்துல குண்டு போட்டா, எண்ணெய் குண்டுக்குள்ள எறங்கி மருந்து செத்துப்பூடும். டிரெயினிங்ல சொல்லிக்கீறாங்க. நாளைக்கு அந்த ஆபீசர் தொட்டவுடனே கையெல்லாம் வழியும்."

மீசையிலிருந்து கையை எடுத்து மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எண்ணெயில் தோற்பது எனக்கு வழக்கமில்லை.

அப்போதுதான் தையல் மிஷின் நின்றது. அந்த அம்மா மிஷின் டிராயரைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார். "ஏண்ணா, ரெண்டு பேரும் காலைலேர்ந்து அத குளிப்பாட்டிகினே கீறீங்க. இத போட்டா ஆவாதா?"

பாட்டிலில் என் லேபிள். என் தையல் மிஷின் எண்ணெய். சைக்கிளில் தூக்கித் திரிந்த அதே எண்ணெய். உசத்தியான டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அவசரத்தில் என் சொந்தப் பிள்ளையையே மறந்துவிட்டேன்.

"மிஷின்லயும் சின்ன சின்ன இரும்பு, இதுலயும் அதான," என்றார். ஊசி நுனியைப் பாட்டிலில் தோய்த்து, தொங்குகிற ஒரு சொட்டைக் காட்டினார். "இவ்ளோதான் போடணும். போட்டவுடனே நல்ல துணி தைக்க மாட்டேன். கறையாயிடும். வேஸ்ட் துணிய வுட்டு ஓட்டினே இருப்பேன். மிச்ச எண்ணெய அது குடிச்சிரும்."

நான் அப்படியே அந்த முறையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல யோசனை யாரிடமிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்வேன். அதனால்தான் முன்னுக்கு வந்தேன். மறுபடி எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தவைத்தேன். குழல் மடங்கும் இடம், உருளையின் அச்சு, சுத்தியின் கால், விசை, கொக்கி என்று ஐந்து இடம் காட்டினேன். பட்டாளத்துக்காரர் ஊசியால் ஐந்து சொட்டு வைத்தார். ஜாக்கெட் துண்டால் பிடித்துக்கொண்டு உருளையை நூறு முறையாவது சுற்றியிருப்பார். துண்டு குடித்துக்கொண்டே இருந்தது. குண்டு போகிற ஓட்டைகளையும் குழலையும் குச்சியில் துணி சுற்றி ஈரமே இல்லாமல் துடைக்கச் சொன்னேன்.

விசையை இழுத்தார். டக்.

அந்தச் சத்தத்துக்கு மூன்று பேரும் கைதட்டினோம்.

கிளம்பும்போது மட்டும் ஒன்று சொன்னேன். "இது லேசான எண்ணெய். என் பலகைல இதத் தடவின ஆணி ஒரு மழை மாசம்கூடத் தாங்கல. அதனால மாசம் ஒரு தபா தொடைச்சிப் புதுசா வை. மறந்துடாத."

மறுநாள் எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. பத்து மணிக்கு நகைக்கடைக்குள் நுழைந்து, மோதிரம் வாங்க வந்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டேன். விற்பனைப் பெண் ஒரு தட்டு மோதிரத்தை வைத்து, "என்ன மாடல் பாக்குறீங்க சார்?" என்றாள். என் கறுத்த நகங்களையும் பார்த்தாள். பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. என் கண் அங்கேதான்.

ஆபீசர் துப்பாக்கியை மடக்கித் திறந்தார், உருளையைச் சுற்றினார், விசையை இழுத்தார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன ஆயில் போடறீங்க?"

பட்டாளத்துக்காரர் விறைப்பாக நின்று, "தையல் மிஷின் ஆயில் சார்!" என்றார்.

அந்த வெளிநாட்டு டின் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

"எவ்வளவு?"

"ஊசி முனைல ஒரு சொட்டு சார். அஞ்சு எடம். மிச்சத்த வேஸ்ட் துணி குடிச்சிரும் சார்."

ஆபீசர் சிரித்துவிட்டார். "போதும். வர்றவன் எல்லாம் எண்ணெய்ச் சட்டியில முக்கி எடுத்துட்டு வர்றான். நீங்க இன்னைக்கே யூனிஃபார்ம் ஷர்ட்டுக்கு அளவு குடுத்துருங்க."

நான் எழுந்துவிட்டேன். "சார், மோதிரம்?" என்றாள் அந்தப் பெண். "எனக்கு வேண்டியது கெடைச்சிருச்சும்மா," என்றேன்.

பட்டாளத்துக்காரரின் யூனிஃபார்மை அளவு எடுத்து இடுப்பு பிடித்துக் கொடுத்தது அவர் மனைவிதான். அடுத்த ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ரிவால்வர் சுத்தமான துணியில் சுற்றிப் பெட்டிக்குள் இருந்தது. சந்தனம் பெட்டி மேல் மட்டும். அந்த அம்மா தையல் மிஷினுக்கு வைத்தார், ஸ்கூட்டருக்கு வைத்தார். பிறகு என் எண்ணெய் பாட்டிலை எடுத்து நடுவில் நிறுத்தி, சந்தனக் கையோடு குனிந்தார்.

"அம்மா, லேபிள் மேல வெக்காத," என்றேன். "மூடில வை. பேரு தெரியணும்."